எந்த நாட்டுக் கார் உழைக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பான் கார்தான் உழைக்கும் என்கிறார் என் கணவர். ஜெர்மன் காரின் கட்டுமானம் வேறு எவருக்கும் வராது என்கிறான் என் தம்பி. கார் வாங்கப் போவது நான். தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: இருவரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள், அதனால்தான் வழக்கு முடியவில்லை. தம்பி பேசுவது கட்டுமானத் தரம்: கதவு மூடும் ஓசை, வேகமாகப் போகும்போது உள்ளே இருக்கும் அமைதி, டாஷ்போர்டைத் தொட்டால் கிடைக்கும் உணர்வு, பாடியின் விறைப்பு. கணவர் பேசுவது உழைப்பு: எட்டாம் வருடத்திலும் காலையில் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிறதா, எஞ்சின் விளக்கு எரியாமல் ஓடுகிறதா. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவின் ரப்பர் பீடிங்கை இரட்டையாக்கினால் மூடும் ஓசை கனக்கும். அதனால் வாட்டர் பம்ப் ஒரு நாள்கூட அதிகம் உழைக்காது.

அதோடு, ‘எந்த நாட்டுக் கார்’ என்பதற்கே இன்று நேரான பதில் கிடையாது. 2019-ல் திரும்பி வந்த டொயோட்டா சூப்ராவுக்கு பிஎம்டபிள்யூ எஞ்சின். அதைக் கட்டியது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள மேக்னா ஸ்டெயர் ஆலை. மெர்சிடிஸ் ஏ கிளாஸ் டீசல் சிலவற்றின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ரெனோவின் 1.5 லிட்டர் எஞ்சின். சுசூகி பல வருடம் விற்ற 1.3 லிட்டர் டீசல், ஃபியட்டுடையது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பிறப்பது அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க்கில். வால்வோ 2010 முதல் சீனாவின் கீலி வசம்.

மண்ணுக்கும் மக்களுக்கும் இதில் பங்கில்லை என்பதற்கு நல்ல சாட்சி கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸின் மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்து 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே இடத்தில், பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை வைத்தே மறுபடி திறந்தார்கள். மாறியது வேலைமுறை. குறை கண்ணில் பட்டால் யாரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். குறையை அடுத்தவர் தலையில் தள்ளிவிடக் கூடாது. சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானில் கட்டியவற்றோடு தரத்தில் போட்டி போட்டன. டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிசமும் அதே ஆலையில் பிறந்த உடன்பிறப்புகள். ஆனாலும் பழைய கார் சந்தையில் கொரோலா பேட்ஜுக்குத்தான் விலை கூடுதல். அதே இரும்பு, அதே ஸ்பேனர்; வித்தியாசம் எழுத்தில் மட்டும்.

தீர்ப்புதானே வேண்டும்? பத்து வருடம் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் கணவர் பக்கம். வாரன்டி முடிவதற்குள் மாற்றிவிடுவீர்கள் என்றால் தம்பி பக்கம். எந்தப் பக்கம் போனாலும் நாட்டைக் கேட்பதற்கு முன்னால் எஞ்சின் எது, கியர்பாக்ஸ் எது, அந்த மாடல் சந்தைக்கு வந்து எத்தனையாவது வருடம் என்று கேளுங்கள். புது எஞ்சின் வந்த முதல் வருடக் காரை, அது எந்த தேசத்ததானாலும், கொஞ்சம் ஆறவிட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: கார் எங்கே கட்டப்பட்டது என்பதை விற்பவர் சொல்லாமல் நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய லேபிளிலோ 17 எழுத்து அடையாள எண் இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் அதில் வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால். முதல் எழுத்து ‘ஜே’ என்றால் ஜப்பான், ‘கே’ தென் கொரியா, ‘எல்’ சீனா, ‘டபிள்யூ’ ஜெர்மனி, ‘இசட்’ இத்தாலி. 1, 4, 5 அமெரிக்கா; 2 கனடா; 3 மெக்சிகோ. ‘எம்’ என்று தொடங்கினால் இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று பல நாடுகள் அதில் அடக்கம். இரண்டாம் எழுத்துதான் பிரித்துக் காட்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஏமாறுவது இங்கேதான். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரின் குறியீடு. ஜெர்மன் நிறுவனங்கள் வேறு நாட்டு ஆலையில் கட்டிய காருக்கும் ‘டபிள்யூ’ போடுவது உண்டு. எனவே 11-ஆம் எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆலையை அங்கேதான் குறிக்கின்றன. ஃபோக்ஸ்வேகனில் ‘டபிள்யூ’ என்றால் வோல்ஃப்ஸ்பர்க், ‘டி’ என்றால் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, ‘எம்’ என்றால் மெக்சிகோவின் புவேப்லா. டெஸ்லாவில் ‘எஃப்’ ஃபிரீமான்ட், ‘சி’ ஷாங்காய், ‘பி’ பெர்லின், ‘ஏ’ ஆஸ்டின். ஆலைக் குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றின் பட்டியலை வைத்து இன்னொன்றைப் படிக்காதீர்கள்.

10-ஆம் எழுத்தை மாடல் வருடத்துக்குப் பயன்படுத்துவது வட அமெரிக்க விதி; அங்கே 2010-க்கு ‘ஏ’, 2020-க்கு ‘எல்’. மற்ற சந்தைகளில் அந்த இடத்தில் வருடம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடிப்பக்கம் ஒரு லேபிள் தெரியும். பெல்ட் தயாரான தேதி அதில் இருக்கும். நான்கு பெல்ட்டும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெரிய விபத்துக்குப் பிறகு மாற்றியதாக இருக்கலாம்.

கேள்வி: ஜப்பான் காரில் குறையே வராது என்பது உண்மையா? உண்மை என்றால் காரணம் என்ன?

பதில்: வராது என்பது பொய். குறைவாக வரும் என்பது, குறிப்பாக டொயோட்டா போன்ற சில நிறுவனங்களைப் பொறுத்தவரை, பல வருடக் கணக்கெடுப்புகளில் நிலைத்து நிற்கும் உண்மை.

முதல் காரணம் நிதானம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டார்கள். சோதித்துத் தேறிய பழைய பாகத்தைப் புது பாடியில் வைப்பார்கள். எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ போடும் ஓட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி ஊசி எஞ்சின்களில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாததால் கரி படியும். டொயோட்டா தன் பல எஞ்சின்களில் நேரடி ஊசியோடு, வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சும் பழைய போர்ட் ஊசியையும் சேர்த்து வைத்து வால்வைக் கழுவிக்கொண்டே ஓட விட்டது. செலவு கூடுதல்தான், தலைவலி குறைவு.

இரண்டாவது காரணம் அளவுப் பிசகு. 1980-களில் ஃபோர்டு ஒரே வரைபடத்தை வைத்துத் தன் ஆலையிலும் மாஸ்டாவிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து வாங்கியது. மாஸ்டா செய்தவற்றில் வாரன்டி புகார் குறைவு, ஓசையும் குறைவு. பிரித்து அளந்தார்கள். இரண்டு ஆலைகளின் பாகங்களும் அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தன. ஆனால் மாஸ்டாவின் பாகங்கள் நடு அளவை ஒட்டி நெருக்கமாக இருந்தன. ஃபோர்டுடையவை வரம்பின் இரு ஓரம் வரை பரவிக் கிடந்தன. ஓர ஓர அளவுள்ள பாகங்கள் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால் உராய்வு ஏறும். ‘பாஸ்’ ஆன பாகத்துக்கும் சரியான பாகத்துக்கும் உள்ள தூரம் அதுதான்.

இனி மறுபக்கம். டகாட்டா ஜப்பான் நிறுவனம். அதன் ஏர்பேகில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. ஹோண்டா, டொயோட்டா மட்டுமல்ல. பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. 2017-ல் டகாட்டா திவால். நிசானின் ஆரம்ப கால சிவிடி (பல்சக்கரங்களுக்குப் பதில் கப்பியும் எஃகு பெல்ட்டும் வைத்த ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்கள் கொடுத்த தொல்லையில், 2003 முதல் 2010 வரையான மாடல்களுக்கு அமெரிக்காவில் வாரன்டியை 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்ட வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் செய்த முறைகேடு வெளிவந்ததும் தன் கார் அனுப்பீடு முழுவதையும் நிறுத்தியது.

சிவிடி உள்ள காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: 40,000 முதல் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை அதற்கென்றே உள்ள சிவிடி ஆயிலை மாற்றுங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் எஃகு பெல்ட் கப்பியில் வழுக்கிக் கீறல் விழும். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி: ஜெர்மன் கார்கள் ஐந்தாறு வருடம் அரசனைப் போல ஓடுகின்றன. அதற்குப் பிறகு மாதம் ஒரு செலவு. ஏன் இப்படி?

பதில்: மோசமாகச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நெருக்கமாகச் செய்கிறார்கள். குறைந்த எடை, குறைந்த புகை, அதிக சக்தி மூன்றையும் ஒரு சின்ன எஞ்சின் அறைக்குள் அடைக்கும்போது வெப்பம் ஏறுகிறது. பல எஞ்சின்களில் கூலண்டை 100 டிகிரிக்கு மேலேயே ஓட விடுகிறார்கள். தெர்மோஸ்டாட் கூடு, விரிவுத் தொட்டி, ஹோஸ் இணைப்பு எல்லாம் கண்ணாடி இழை கலந்த நைலான். சூடாகி ஆறிச் சூடாகி சில வருடத்தில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அந்தக் கட்டத்தில் ஒன்று உடைந்தால் மற்றவையும் அதே வயது. அதைத்தான் நீங்கள் மாதம் ஒரு செலவாகப் பார்க்கிறீர்கள்.

அதற்கு வழி ஒன்றே. ஒன்று கசிந்தால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், விரிவுத் தொட்டி, மூடி, மேல் கீழ் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே கூலியில் மாற்றிவிடுங்கள். பிஎம்டபிள்யூவின் மின்சார வாட்டர் பம்ப் பெரும்பாலும் 1 லட்சம் கி.மீ. வாக்கில் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். வெப்பநிலை எச்சரிக்கை வந்தால் ‘வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துபோக ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது ஆயில். 30,000 கி.மீ. அல்லது 2 வருடம் என்ற நீண்ட இடைவெளி, நெடுஞ்சாலையில் ஓடும் புதுக் காருக்கான கணக்கு. நெரிசலில் ஓடும் காருக்கு 10,000 கி.மீ., அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. டப்பாவில் பிசுபிசுப்பு எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஃபோக்ஸ்வேகன் 504 00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங் லைஃப் 04 என்று கையேட்டில் இருக்கும் ஒப்புதல் எண் டப்பாவிலும் இருக்க வேண்டும். ‘பொருந்தும்’ என்று எழுதியிருப்பதும் ‘ஒப்புதல் பெற்றது’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல.

கியர்பாக்ஸுக்கு ‘ஆயுள் முழுவதும் போதும்’ என்று கார் நிறுவனம் சொல்லும். எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில், மாற்றச் சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? பெட்டியைச் செய்தவர் சொல்வதை. மாற்றும்போது ஆயில் பேனும் சேர்ந்துதான் மாறும். ஃபில்டர் அதற்குள்ளேயே ஒட்டியிருக்கும். ஆயிலை அளப்பதும் டெம்பரேச்சரைக் கருவியில் பார்த்துக்கொண்டே எஞ்சின் ஓடும்போதுதான். இந்தக் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய கார் வாங்குவோர் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: 2007 முதல் 2011 தொடக்கம் வரையான பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கம், இருக்கிறது. தேய்ந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றாமல் தொட முடியாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பின்புறச் சுவர்ப் பக்கமாகக் காதை வையுங்கள். 2,000 சுற்று வாக்கில் உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர், உலர் கிளட்ச் உள்ள டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில், வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் செயற்கை ஆயிலால் மின்பலகை ஷார்ட் ஆனது. 2013 நவம்பரில் உலகமெங்கும் 16 லட்சம் கார்களில் அதை மினரல் ஆயிலாக மாற்ற அழைத்தார்கள். அந்த வேலை உங்கள் காருக்கு நடந்ததா என்பது அடையாள எண்ணைக் கொடுத்தால் டீலரின் கணினியில் தெரியும்.

கேள்வி: பிரெஞ்சுக் காரில் ‘ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்’ என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: பயம் நியாயமானது. பெஜோ, சித்ரோன், ஓப்பல் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பிரான்சை மட்டும் திட்டுவதும் சரியில்லை, ஃபோர்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட்டிலும் பல வருடம் இதே ஏற்பாடுதான் இருந்தது.

குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் ஊறி ரப்பர் உப்புகிறது, வெடிக்கிறது, துகளாக உதிர்கிறது. துகள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைக்க, ஆயில் அழுத்தம் விழுகிறது. பியூர்டெக்கில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப்பும் அடைபட்டு பிரேக் பெடல் கல்லாக இறுகும். ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தாலும், பெடல் கனத்தாலும், காரை ஓரம் கட்டுங்கள்.

பரிசோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் தெரியும். அகலம் அளக்க ஒரு தகடு உண்டு. உப்பிய பெல்ட் அதன் இடைவெளிக்குள் நுழையாது. விளிம்பில் நூல் பிரிந்திருந்தாலும், முதுகில் குறுக்கு வெடிப்பு இருந்தாலும், அகலம் சரியாக இருந்தும் பயனில்லை. பெல்ட்டை மாற்றும்போது ஆயில் பேனை இறக்கி உறிஞ்சு வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் பழைய துகள் புது பெல்ட் போட்ட எஞ்சினையும் கொல்லும். முதலில் 10 வருடம் என்று சொன்ன பெல்ட் இடைவெளியைப் பிறகு பல சந்தைகளில் 6 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று குறைத்தார்கள். ஐரோப்பாவில் வாரன்டியையும் 10 வருடம், 1,75,000 கி.மீ. வரை நீட்டினார்கள், சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால்.

கேள்வி: கொரிய எஞ்சின் ‘சீஸ்’ ஆகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஒரு எஞ்சின் குடும்பத்துக்கு அது, அதாவது உள்ளே இறுகி நின்றுபோவது, நடந்தது. ஹூண்டாயின் தீட்டா 2 எஞ்சின்களில் கிராங்க்‌ஷாஃப்டைக் கடையும்போது உண்டான உலோகச் சீவல் ஆயில் பாதையில் தங்கி, கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போவதை அடைத்தது. 2015-ல் 2011–12 சொனாட்டா கார்கள் சுமார் 4,70,000 திரும்ப அழைக்கப்பட்டன. அவை வந்தது கொரியாவிலிருந்து அல்ல, அமெரிக்காவின் அலபாமா ஆலையிலிருந்து. இதைச் சொல்லிக் கொரியாவைக் கேலி செய்பவர்களிடம் 2024-ஐ நினைவுபடுத்துங்கள்: டொயோட்டா டண்ட்ராவும் லெக்சஸ் எல்எக்ஸும், சுமார் 1,02,000 வண்டிகள், அதே வகைச் சீவல் பிரச்சினைக்காக அழைக்கப்பட்டன. கழுவாத ஆயில் பாதைக்கு தேசியக்கொடி கிடையாது.

கேள்வி: சீன மின்சாரக் காரை நம்பலாமா? பத்து வருடம் கழித்து என்ன ஆகும்?

பதில்: 2007-ல் ஐரோப்பாவுக்கு வந்த பிரில்லியன்ஸ் பிஎஸ்6, ஜெர்மனியின் ஏடிஏசி என்ற மோட்டார் சங்கம் நடத்திய மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. 2022-ல் சீனாவின் பிஒய்டி ஆட்டோ 3, யூரோ என்கேப் என்ற ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து. அந்தப் பழைய மோதல் சோதனைக் காணொளியை வைத்து இன்றைய காரை எடைபோடுவது அநியாயம். அதோடு, ஐரோப்பாவில் ஓடும் டெஸ்லா மாடல் 3 பலவும், பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்3 முதல் தலைமுறையும் சீனாவில் கட்டியவைதாம்.

பேட்டரியில் சீனாதான் ஆசிரியர், மற்றவர்கள் மாணவர்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி சார்ஜ் சுழற்சிகளை அதிகம் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. குறை: கடும் குளிரில் சார்ஜ் மெதுவாக ஏறும், வோல்டேஜ் கோடு தட்டையாக இருப்பதால் மீதிச் சார்ஜைக் கணினி தவறாகக் கணிக்கும். வாரம் ஒரு முறை 100 சதவீதம் ஏற்றினால் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த பேட்டரிக்கு இந்த விதி பொருந்தாது. அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். எது உங்களுடையது என்பது கையேட்டில் இருக்கும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. புது நிறுவனங்கள் மாடலை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடுகின்றன. மோதலில் ஒரு ஹெட்லைட், ஒரு பம்பர், ஒரு ஏசி கம்ப்ரஸர் போனால் பாகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வாங்குமுன் இந்த மூன்றையும் பாக எண்ணோடு டீலரிடம் கேட்டு, வர எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மின்சாரக் கார் எந்த நாட்டதானாலும் பிரேக்கைக் கவனியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடிக்கும். ஜெர்மனியில் கார்களைக் கட்டாயப் பரிசோதனை செய்யும் டியூவி அமைப்பின் 2024 அறிக்கையில், 2–3 வருடக் கார்களில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடம். பிரேக் டிஸ்க், விளக்கு, சஸ்பென்ஷன் என்று காரணங்கள். மோட்டாரோ பேட்டரியோ அல்ல. வருடாந்திர சர்வீஸ் கட்டாயமில்லை என்று எவரும் காரைத் தூக்கியே பார்க்காததும் ஒரு காரணம். வாரம் ஒரு முறை, சாலை காலியாக இருக்கும்போது, நியூட்ரலில் போட்டு மூன்று நான்கு முறை அழுத்திப் பிரேக் பிடியுங்கள். துரு உரிந்துவிடும்.

கேள்வி: ஆளுக்கொரு கணக்கெடுப்பு, ஆளுக்கொரு முதலிடம். எதை நம்புவது?

பதில்: ஒவ்வொன்றும் எதை எண்ணுகிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். ஜே.டி. பவரின் ஆரம்பத் தர ஆய்வு முதல் 90 நாள் குறைகளை எண்ணுவது. அதில் புளூடூத் இணையாததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் உடைந்ததும் ஒரு குறை. தொடுதிரை நிறைந்த கார்கள் அதில் அடி வாங்குவது இதனால்தான். அதே நிறுவனத்தின் மூன்று வருட நீடிப்பு ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும்.

டியூவி அறிக்கை கட்டாயப் பரிசோதனையில் தெரிந்த குறைகளைச் சொல்கிறது: டயர், விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன். எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நிதானமாக, குறைவாக ஓட்டுபவர்கள் வாங்கும் மாடல் அதில் தானாகவே மேலே ஏறும். ஏடிஏசி கணக்கு நடுவழியில் நின்றவற்றை எண்ணுகிறது; அதில் 40 சதவீதத்துக்கு மேல் 12 வோல்ட் பேட்டரிதான் குற்றவாளி. ஆகவே அதில் தாழ்ந்த கார் எல்லாம் மட்டமான கார் ஆகிவிடாது. இரவு முழுக்க நின்ற காரில் வோல்ட்மீட்டர் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். இந்த ஒரு அளவு, பாதிக் கணக்கெடுப்புகளை விட உங்களுக்கு உபயோகம்.

கேள்வி: ஒரே ஆலையில் ஏற்றுமதிக்கு நல்லதும் உள்ளூருக்கு மட்டமானதும் கட்டுவதாகச் சொல்வது கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை, ஆனால் ஸ்பேனர் பிடிப்பவர் வேண்டுமென்றே தளர்வாக முடுக்குகிறார் என்று நினைத்தால் அது கதை. சந்தையின் சட்டம் கேட்பதைத்தான் நிறுவனம் கட்டும். 2016 அக்டோபரில் இரண்டு நிசான்களை நேருக்கு நேர், பாதி அகலம் படும்படி மோதவிட்டார்கள்: மெக்சிகோவில் விற்ற சூரு ஒன்று, அமெரிக்காவில் விற்ற வெர்சா ஒன்று. இரண்டும் மெக்சிகோவில் கட்டியவை. வெர்சாவின் ஓட்டுநர் இடம் குலையாமல் நின்றது. ஏர்பேக் இல்லாத சூருவின் கூடு மடிந்து ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மையின் மேல் கவிழ்ந்தது. அடுத்த வருடமே சூரு உற்பத்தி நின்றது.

வாங்கும்போது கேட்க வேண்டியது, அந்த மாடலின் பொதுவான நட்சத்திரத்தை அல்ல; உங்கள் சந்தைக்கு வரும் வடிவத்தின் நட்சத்திரத்தை. ஏர்பேக் எண்ணிக்கை, கார் சறுக்காமல் காக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு இரண்டையும் பிரசுரத்தின் கடைசிப் பக்க அட்டவணையில் வடிவம் வாரியாகப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார் வாங்கலாமா? ஏலத்தாள் ஒன்று காட்டுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை.

பதில்: வாங்கலாம், ஏலத்துக்கு முன் காரைப் பரிசோதித்து எழுதிய அந்தத் தாளைப் படித்த பிறகு. மேலே இருப்பது மொத்த மதிப்பெண். 4.5, 4 நல்லது, 3.5 சாதாரணம்; ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றால் அடிபட்டுச் சீர்செய்த கார். கார் படத்தின் மேல் குறித்திருப்பவற்றில் ‘ஏ’ கீறல், ‘யு’ ஒடுக்கு, ‘டபிள்யூ’ டிங்கரிங் பார்த்த தடம், ‘எஸ்’ துரு, ‘சி’ அரிப்பு. பக்கத்தில் உள்ள எண் பெரிதானால் சேதமும் பெரிது. ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் அந்தப் பேனலையே மாற்றியிருக்கிறார்கள். மொத்த மதிப்பெண் 4 என்று இருந்து, அடிப்பகுதியில் ‘எஸ்’, ‘சி’ இரண்டும் இருந்தால் கடலோரக் காரோ, பனிக்கு உப்புத் தூவும் வட பகுதிக் காரோ என்று சந்தேகப்படுங்கள். லிஃப்ட்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே உள்ள ‘சில்’ பகுதியின் அடியையும் பின் சஸ்பென்ஷன் பிடிப்பிடத்தையும் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். டணார் என்றால் சரி; மொத்தென்றால் உள்ளே ஒன்றுமில்லை.

இந்தக் கார்களில் 17 எழுத்து எண் இருக்காது; மாடல் குறியீடும் கோடும் ஆறு அல்லது ஏழு இலக்கமும் கொண்ட சேசிஸ் எண் இருக்கும். தாளில் உள்ளதும் காரில் பொறித்ததும் ஒன்றுதானா பாருங்கள். ஜப்பானில் புதுக் காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை 3 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒரு முறை. ஏற்றுமதிச் சான்றிதழில் கடைசிப் பரிசோதனையின் ஓட்டக் கணக்கு இருக்கும். மீட்டர் அதை விடக் குறைவாகக் காட்டினால் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். ரேடியோ 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி 90–95 வரைதான் பிடிக்கும். அதற்கு மேலே உள்ள நிலையங்கள் வராது. ஹைப்ரிட் என்றால் பின் சீட்டை ஒட்டி பேட்டரிக் காற்று வழி ஒன்று உண்டு. அதன் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். முடியும் தூசியும் அடைத்திருந்தால் அந்த பேட்டரி பல மாதம் வெந்திருக்கிறது.

கேள்வி: கூலண்ட் எல்லாம் ஒன்றுதானே? ஜப்பான் காரில் ஜெர்மன் கூலண்ட் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ஜப்பான், கொரிய நிறுவனங்கள் பாஸ்பேட் சேர்த்து, சிலிகேட் இல்லாமல் செய்கின்றன. ஜெர்மன் கூலண்ட் பலவற்றில் சிலிகேட் உண்டு. கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும், சில ஜோடிகள் கூழாகி ஹீட்டர் குழாயை அடைக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இளஞ்சிவப்பு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அவசரத்துக்கு காய்ச்சி வடித்த தண்ணீர் அரை லிட்டர் வரை ஊற்றிக்கொண்டு, கடையில் கையேட்டு எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

கேள்வி: ஒரே வயது, ஒரே ஓட்டம். ஒன்று ஜப்பான் கார், சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை. இன்னொன்று ஜெர்மன் கார், எல்லா ரசீதும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: ஜெர்மன் காரை எடுங்கள். ஆனால் ரசீதுகளில் கியர்பாக்ஸ் ஆயிலும் வாட்டர் பம்ப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வேலைக்கான தொகையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.